வௌவால் குரலைக் கேட்க ஒரு கருவி: சேர்வராயன் மலையில் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை

கைபேசியின் அடியில் செருகிக்கொள்ளும் மீயொலி ஒலிவாங்கி ஒன்றைச் சில மாதங்களாக ஏற்காட்டுத் தோட்டங்களிலும் சேலம் நகரிலும் பயன்படுத்தி வருகிறேன். வௌவால் எழுப்பும், நம் செவிக்கு எட்டாத ஒலியை வாங்கி நாம் கேட்கும்படி மாற்றித் தருவது, அந்த ஒலியைத் திரையில் கோடுகளாக வரைந்து காட்டுவது, கேட்ட குரல் எந்த இனத்துடையது என்று பெயர் சொல்வது ஆகிய மூன்று வேலைகளை இக்கருவி செய்யும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் மனம் நிறையும் அளவுக்குச் செய்கிறது. மூன்றாவதைத் தமிழ்நாட்டில் நம்பி எதையும் எழுதிவைக்கக் கூடாது. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

கருவி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தனி மின்கலம் இல்லை. கைபேசியிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. செருகியவுடன் செயலி திறந்துகொள்கிறது. வேலை செய்கிறதா என்று பார்க்க வௌவாலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒலிவாங்கியின் முன்னால் மெல்லத் தேய்த்தால் போதும், திரையில் புள்ளிப் புள்ளியாகத் தெறிக்கும். சாவிக்கொத்தை அசைத்தால் திரை முழுவதும் வெளுத்துவிடும். நம்மைச் சுற்றி இவ்வளவு மீயொலி ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது என்பதே முதல்முறை பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வுகள், வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். பூச்சியுண்ணும் வௌவால்களில் பெரும்பாலானவை அதற்கு மேல்தான் குரல் எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு வழியையும் இரையையும் அறிகின்றன. கண்ணை மறைத்தாலும் வௌவால் இடறாமல் பறக்கிறது, காதை அடைத்தால் மோதிக்கொள்கிறது என்று இத்தாலியின் ஸ்பல்லன்சானியும் ஜெனீவாவின் ஜூரினும் 1790களிலேயே கண்டுவிட்டார்கள். ஆனால் செவிக்கு எட்டாத ஒலி ஒன்று உண்டு என்று காட்ட அன்று கருவி இல்லாததால் அந்த முடிவை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின் 1938இல் இயற்பியலர் பியர்ஸின் மீயொலிக் கருவியின் முன்னால் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் அந்தக் குரல் முதல்முறையாக வெளிப்பட்டது. அன்று பெரிதாக இருந்த அந்த ஏற்பாடு இன்று சட்டைப் பையில் அடங்குகிறது என்ற ஒன்றுக்காகவே இந்தக் கருவியைப் பாராட்டலாம்.

ஏற்காட்டில் இக்கருவியை நன்றாகப் பழகிக்கொள்ள ஏற்ற இடம் ஏரியைச் சுற்றிய சாலையின் தெருவிளக்குகள்தான். விளக்கொளிக்கு விட்டில்கள் வரும். விட்டில்களைத் தேடிச் சிறு வௌவால்கள் வரும். சில கிராம் எடையே உள்ள பிப்பிஸ்ட்ரெல் வகை வௌவால் ஒன்று விளக்கை வட்டமிடும்போது, வெறும் கண்ணுக்கு ஒரு நிழல் வந்து போவதாக மட்டுமே தெரியும். கருவியைத் திருப்பிப் பிடித்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. தொலைவில் வரும்போது டக், டக், டக் என்று நிதானமாக, நொடிக்குப் பத்து என்ற கணக்கில் குரல் விழுகிறது. பூச்சியின் எதிரொலி கிடைத்ததும் இடைவெளி சுருங்குகிறது. பிறகு அந்தத் தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நொடிக்கு 150, 200 என்று ஏறி, ஒரே இழுப்பாக 'ஜ்ஜ்ர்' என்று ஒலித்து அறுந்துபோகிறது. அரை நொடிகூட ஆகாத அந்த இழுப்புதான் வௌவால் இரையின் மேல் பாயும் தருணம். அதன் பிறகு வரும் சிறு மௌனம், பூச்சி வாயில் அகப்பட்டதா தப்பியதா என்று தெரியாத மௌனம். உடனே மீண்டும் நிதானத் தட்டல் தொடங்குகிறது. இதைத் திரையில் பார்ப்பது இன்னும் நன்று. முதலில் அகன்று நிற்கும் கோடுகள் நெருங்கி நெருங்கி, இறுதியில் ஒரு சீப்பின் பற்களாக நின்று, அடியில் சற்றுக் கீழ்நோக்கிச் சரிகின்றன. வௌவாலின் குரல்வளைத் தசைகள் பாலூட்டிகளில் அறியப்பட்ட மிக வேகமான தசைகளில் சேர்ந்தவை. நொடிக்கு 200 முறை சுருங்கி விரியக்கூடியவை. அந்த உடலியல் உண்மையைப் புத்தகத்தில் படிப்பதற்கும், ஏரிக்கரையில் நின்று கையில் பிடித்த திரையில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கருவி தருகிறது. இதற்காக மட்டுமே விலை கொடுக்கலாம் என்பது என் முடிவு.

செயலியில் இரண்டு வகைக் கேட்பு முறைகள் உண்டு. ஹெட்டரோடைன் முறையில் நாமே ஒரு அதிர்வெண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு அருகில் ஒலிக்கும் குரல் மட்டும் உடனுக்குடன் கேட்கும். மற்றது, பதிவானதைப் பத்து மடங்கு மெதுவாக்கிக் கேட்பது. குழந்தைகளோடு போகும்போது முதல் முறையே பொருத்தம், ஏனெனில் தலைக்கு மேல் பறப்பதும் காதில் விழுவதும் ஒன்றாக நடக்கும். வீட்டுக்கு வந்து அமர்ந்து ஆராய இரண்டாவது முறை வேண்டும். மெதுவாக்கிய குரல் பறவைக் கூவல் போலவே இருப்பதைக் கேட்டு என் வீட்டார் நம்ப மறுத்தனர்.

வாங்குபவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சேலத்துக்காரர்களுக்கு வௌவால் என்றதும் நினைவுக்கு வருவது, பெரிய மரங்களில் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னிகள்தான். சிறகை விரித்தால் 1 மீட்டரைத் தாண்டும் அந்தப் பெரிய வௌவால்களின் கூட்டத்துக்கு அடியில் நின்று கருவியை நீட்டினால் மீயொலியாக எதுவும் கிடைக்காது. பழந்தின்னிகள் எதிரொலியால் வழி தேடுவதில்லை. பெரிய கண்களாலும் கூரிய மோப்பத்தாலும் வழியையும் பழத்தையும் கண்டுகொள்கின்றன. அவை போடும் சண்டைக் கூச்சல் நம் காதுக்கே நன்றாகக் கேட்கும். பழந்தின்னிகளுள் குகையில் அடையும் ரூசெட்டஸ் வகை மட்டும் விலக்கு. அது நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியால் இருட்டில் வழி காண்கிறது. காப்பித் தோட்டம் ஒன்றின் காவலாளி, பலா மரத்தைச் சுற்றிச் சிறிய பழந்தின்னி வௌவால்கள் பறந்துகொண்டிருந்தபோது, "ஏனுங்க சார், இத்தனை பெரிசு தலைக்கு மேலேயே போகுது, உங்க மிஷின் ஒண்ணுஞ்சொல்ல மாட்டேங்குதே?" என்று கேட்டார். "அதுங்க வாய் திறக்காம கண்ணாலயே பாத்துப் போகுதுங்கண்ணா, இந்த மிஷின் பூச்சி தின்கிறதுக்கு மட்டுந்தான்" என்றேன். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. கருவியோடு வரும் கையேட்டில் இந்த விளக்கம் இல்லை. இக்கருவிகள் முதன்மையாக விற்கப்படும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வட அமெரிக்காவிலும் பழந்தின்னி வௌவால்கள் கிடையாது. கையேடு எழுதியவர்களுக்கு அந்த ஐயம் எழவே வாய்ப்பில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். இக்கருவிகள் இரண்டு தரங்களில் கிடைக்கின்றன. மலிவானது நொடிக்கு 2,56,000 முறை ஒலியை மாதிரி எடுப்பது; விலை கூடியது 3,84,000 முறை எடுப்பது. ஒலிப்பதிவின் அடிப்படை விதிப்படி மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதி வரையுள்ள அதிர்வெண்ணைத்தான் பதிவு செய்ய முடியும். எனவே மலிவானதன் எல்லை 128 கிலோஹெர்ட்ஸ். மற்றதன் எல்லை 192. ஐரோப்பியருக்கு 128 தாராளம். அவர்களுடைய சிறு லாட மூக்கு வௌவால்கூட 110 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் குரல் எழுப்புகிறது. நம் நிலைமை அப்படி இல்லை. தமிழ்நாட்டின் பாறைக் குகைகளிலும் பழைய மண்டபங்களிலும் பரவலாக வாழும் ஷ்னைடர் இலைமூக்கு வௌவாலின் குரல் 127 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை இருப்பதாகவும், அதன் உறவினமான மற்றொரு சிறிய இலைமூக்கு வௌவாலின் குரல் 150ஐ ஒட்டி இருப்பதாகவும், ஜெர்மானிய விலங்கியலர் கெர்ஹார்ட் நொய்வைலர் குழுவினர் 1980களில் மதுரைப் பகுதி வௌவால்களில் அளந்து எழுதியிருக்கிறார்கள். அதாவது, நம் மண்ணின் மிகச் சாதாரணமான குகை வௌவாலே பெரும்பாலும் மலிவுக் கருவியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இதை நேரில் சோதித்துப் பார்க்க, நண்பரிடமிருந்த மலிவு வகையையும் என்னுடையதையும் ஒரே நேரத்தில் மலையடிவாரத்துப் பழைய கட்டடம் ஒன்றின் வாசலில், உள்ளே நுழையாமல், அருகருகே பிடித்தோம். பொழுது சாய்ந்ததும் இலைமூக்கு வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. என் திரையில் 130க்குச் சற்று மேலே, ஒரு முனையில் மட்டும் கீழ்நோக்கி வளைந்த குட்டையான கிடைக்கோடுகள் வரிசையாக விழுந்தன. நண்பரின் திரை ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. இடையிடையே 120ஐ ஒட்டி மங்கலான கோடுகள் தோன்றின. எல்லையைத் தாண்டிய ஒலி முழுதாக வடிகட்டப்படாவிட்டால் மடங்கி, பொய்யான கீழ் எண்ணில் தெரியும். 135இல் ஒலிக்கும் குரல் 121இல் தெரியும். விவரம் அறியாதவர் அதை வேறொரு இனம் என்று குறித்துவைப்பார். இது கருவி பழுதானதால் நேர்வதில்லை. வடிவமைத்தவர்கள் மனத்தில் வேறு ஊர் வௌவால்கள் இருந்ததால் நேர்வது. ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 256 வகையை வாங்கவே வேண்டாம். தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம்.

அந்தக் கிடைக்கோட்டைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். தெருவிளக்கு வௌவாலின் குரல் உயரத்திலிருந்து சரிந்து விழும் கோடு. பொருளின் தொலைவையும் வடிவையும் துல்லியமாக அறிய அது உதவும். இலைமூக்கு, லாட மூக்கு வௌவால்களின் குரலோ ஒரே அதிர்வெண்ணில் நின்று ஒலிப்பது. எதிரொலியில் பூச்சியின் சிறகடிப்பு ஏற்படுத்தும் சிறுசிறு அதிர்வெண் மாற்றத்தை அந்தச் செவி பிடித்துவிடுகிறது. இலைகளுக்கு நடுவே படபடக்கும் விட்டிலை அசையாத இலையிலிருந்து பிரித்தறிகிறது. பறக்கும் வேகத்தால் எதிரொலியின் அதிர்வெண் கூடிவிடும் என்பதால், வௌவால் தன் குரலையே அந்த அளவுக்குத் தாழ்த்திக்கொண்டு, திரும்பி வருவது தன் செவிக்கு மிகவும் உகந்த அதிர்வெண்ணில் வந்து விழும்படி செய்கிறது. லாட மூக்கு வௌவாலிடம் இதை 1968இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஷ்னிட்ஸ்லர் கண்டறிந்தார். மூக்கின் மேலுள்ள அந்த இலை போன்ற தோல்மடிப்பு அழகுக்காக அமைந்ததன்று. நாசி வழியே வெளிவரும் குரலை ஒரு திசையில் குவிப்பதற்கானது.

உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஒரு விலை உண்டு. ஈரக்காற்று அதை மிக விரைவில் விழுங்கிவிடும். 130இல் ஒலிக்கும் வௌவாலைச் சில மீட்டர் தொலைவுக்குள் வந்தால்தான் கருவி கேட்கும். 25, 30 கிலோஹெர்ட்ஸில் உரக்கக் குரலெழுப்பி வானத்தில் உயரப் பறக்கும் கல்லறை வௌவாலையோ சேலத்தின் மூக்கனேரிக் கரையில் நின்று வெகு தொலைவிலேயே பிடிக்கலாம். இன்னொரு கோடியில் மெகாடெர்மா லைரா என்ற பெருங்காது வௌவால் இருக்கிறது. தவளை, பல்லி, சிறு எலி வரை பிடித்துத் தின்னும் இது தரையைத் தொட்டாற்போலப் பறந்தாலும் குரலை மிக மெல்ல எழுப்புவதால் பெரும்பாலும் கருவியில் பதிவாவதில்லை. இரை நகரும்போது எழும் சலசலப்பைக் கேட்டே அது பாய்கிறது என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் க. மாரிமுத்துவும் நொய்வைலரும் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கருவி எதையும் சொல்லாத இரவு வௌவால் இல்லாத இரவு என்று பொருளாகாது. எண்ணிக்கைக் கணக்கெடுப்புக்கு இதைப் பயன்படுத்த விரும்பும் கல்லூரி மாணவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்: உரக்கப் பேசும் இனங்கள் கணக்கில் மிகும், மெல்லப் பேசுபவை விடுபடும்.

தானாகப் பெயர் சொல்லும் வசதியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஏரிக்கரையில் கேட்ட பிப்பிஸ்ட்ரெல்லுக்கு அது ஐரோப்பிய இனம் ஒன்றின் பெயரைச் சொன்னது. பட்டியலை மாற்றியதும் அதே பதிவுக்கு வட அமெரிக்க இனம் ஒன்றின் பெயரைச் சொன்னது. இலைமூக்கு வௌவாலுக்கு எதுவும் சொல்லவில்லை, அது எவ்வளவோ மேல். உலகில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். இந்தியாவில் மட்டும் சுமார் 130 இனங்கள் உள்ளன. மேகமலைப் பகுதியில் 1948இல் சேகரிக்கப்பட்ட பழந்தின்னி ஒன்று வேறு இனமாக அருங்காட்சியகத்தில் கிடந்து, 1972இல்தான் தனி இனம் என்று அறியப்பட்டு சலீம் அலியின் பெயரைப் பெற்றது. உடலைக் கையில் வைத்துக்கொண்டே இவ்வளவு காலம் பிடித்த நாட்டில், குரலை மட்டும் கேட்டுச் செயலி இனத்தைச் சொல்லிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு, அதிர்வெண், கோட்டின் வடிவம், பறக்கும் உயரம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, 'பிப்பிஸ்ட்ரெல் வகை' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

மலையில் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய சிலவும் உண்டு. பனிமூட்டம் இறங்கும் இரவில் எடுத்துப் போகாதீர்கள். ஒலிவாங்கியின் வலைமீது ஈரம் படிந்தால் உணர்திறன் போய்விடுகிறது, உலர்ந்த பிறகே மீள்கிறது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் இலைவெட்டுக்கிளிகளும் சில்வண்டுகளும் 40 கிலோஹெர்ட்ஸ் வரை நிரப்பிவிடுவதால் சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடிகளும் அடர்ந்த தோட்டத்துக்குள் கேட்பதைவிடத் தோட்ட ஓரத்துச் சாலையில் கேட்பது பயன் தரும். நைலான் மேலங்கி வேண்டாம். அது உரசும் ஒலி எல்லாவற்றையும் மூடிவிடும். 384 தரத்தில் ஒரு நிமிடப் பதிவு 46 மெகாபைட் எடுப்பதால், தொடர்ந்து பதிவு செய்யாமல் குரல் கேட்டால் மட்டும் பதியும் முறையை இயக்குங்கள். கைபேசி மின்கலம் வழக்கத்தைவிட வெகு விரைவில் தீரும். விலை, நடுத்தரக் கைபேசி ஒன்றை வாங்கும் அளவுக்கு வருகிறது. இறக்குமதி வரியைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். உள்ளூரில் பழுது பார்க்க ஆள் இல்லை என்பது உண்மையான குறை.

இரவு முழுவதும் ஓரிடத்தில் பதிவு செய்வதுதான் தேவை என்றால் இந்த வகை கருவி ஏற்றதன்று. ஆடியோமாத் என்ற திறந்த வடிவமைப்புப் பதிவுக்கருவி மூன்று சிறு மின்கலங்களில் இயங்கி, அதே 384 தரத்தில் நினைவட்டையில் பதிந்துகொண்டே இருக்கும். அதை மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். உடனுக்குடன் கேட்கும் இன்பம் அதில் இல்லை. ஆய்வுக்கு அது, கேட்டு மகிழவும் பிள்ளைகளுக்குக் காட்டவும் இது.

கருவி கையில் இருக்கிறது என்பதற்காக வௌவால் அடையும் இடத்துக்குள் போகக் கூடாது. பெரும்பாலான இனங்கள் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் ஈனும். குட்டியோடு தொங்கும் தாய்கள் மிரண்டு பறந்தால் குட்டி கீழே விழுந்துவிடும். வாசலுக்கு வெளியே நின்றாலே வேண்டியதெல்லாம் கிடைக்கும். காப்புக்காட்டுக்குள் இரவில் போக வனத்துறை அனுமதி வேண்டும். பழந்தின்னிகள் 2022 திருத்தம் வரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் அட்டவணையில், எலியோடும் காகத்தோடும் சேர்ந்து, தீங்குயிரிகளாகவே வைக்கப்பட்டிருந்தன. சட்டம் அப்படி இருந்த காலத்திலேயே, சேலம் மாவட்டத்து வௌவால் தோப்பில் ஊர்மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் அவற்றைக் காத்து வந்தார்கள்.

வாங்கிய பிறகு, செயலி சுருக்கித் தரும் கோப்பைச் சேமிக்காமல், சுருக்காத முழு ஒலிக்கோப்பையே இடம், நாள், நேரம், கடல் மட்ட உயரம், வானிலை ஆகிய குறிப்புகளோடு சேமித்து வையுங்கள். என் பதிவுகளில் அடிவாரத்து இலைமூக்கு வௌவால்கள் 130க்கு மேலேயே நிற்கின்றன. மேட்டூர், ஆத்தூர், கல்வராயன் மலைப் பக்கங்களில் 384 தரத்தில் பதிந்தவர்கள் யாரேனும் இருந்தால் அங்கே எந்த எண்ணில் ஒலிக்கின்றன என்று எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.